காரம் சேராத ஆடு

சாலை, திருவனந்தபுரம்
22-4-1979

அன்புத் தங்கச்சி மாடம்மாளுக்கு அண்ணன் சொரிமுத்து ஆசீர்வாதம். நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ரத்னாபாய் டீச்சர் எழுதுகிறார். இங்கே நானும் உன் மதினி வடிவம்மாளும் சாமி புண்ணியத்தில் சுகம். மலையில் நீ எப்படி இருக்கிறாய்?

நாகர்கோவிலுக்கு ரயில் விட்டாச்சு. போன வாரம் முதல் வண்டி புறப்பட்டபோது தம்பானூர் ஸ்டேஷனில் நானும் நின்றேன். என்ஜினுக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். கூட்டத்தில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. "ரயிலைப் பார்க்கப் போன ஆள் ஒத்தைச் செருப்போட வாறார்" என்று உன் மதினி தெருவுக்கே சொல்லிச் சிரித்தாள். ஓட்டலில் சரக்கு மாஸ்டர் வேலையை விட்ட பிறகு அவளுக்கு நான் ஒரு வேடிக்கைப் பொருள்.

நீ கொடுத்துவிட்ட அளவு ரவிக்கையை வைத்து ரெண்டு ரவிக்கை தைத்துப் பஸ் கண்டக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். தையல்காரர் அளவைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கா அண்ணாச்சி?" என்றார். போன பொங்கலுக்குத் தைத்தது இவ்வளவு சின்னது இல்லையே. வேறு யார் ரவிக்கையையாவது மாற்றிக் கொடுத்துவிட்டாயா? பதில் போடு.

உன் நினைவில் இருக்கும்
சொரிமுத்து


போனக்காடு எஸ்டேட்
14-5-1979

மதிப்புக்குரிய அண்ணாச்சிக்கும் மதினிக்கும் மாடம்மாள் கும்பிடு. நான் சொல்ல, லிங்கம் கணக்கப்பிள்ளை எழுதுகிறார். காலையில் எங்கள் பேர் கூப்பிடுகிறவரும் அவர்தான், சாயங்காலம் லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்குக் கடுதாசி எழுதித் தருகிறவரும் அவர்தான்.

நான் ரொம்ப சுகம். ரவிக்கை சரியாக இருக்கிறது. மழைக்கு முந்திய தேயிலைக் கொழுந்து நன்றாக விழுகிறது. பக்கத்து வீட்டு மங்கலம் மூட்டு வலி என்று வேலையை விட்டாள், அப்புறம் வீட்டையும் விட்டு மகன் ஊருக்குப் போய்விட்டாள். வேலைக் கணக்கில் பேர் இருந்தால்தானே லயத்தில் வீடு. எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் ஒரு நாளும் சுகமில்லை என்று சொன்னது கிடையாது. இதை எழுதுகிறவருக்கே தெரியும்.

நம்ம கறுப்பாட்டுக்குத்தான் சுகமில்லை. தின்கிறது ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. தண்ணியாகக் கழிகிறது. மெலிந்து எலும்பு தெரிகிறது. உங்களுக்குத் தெரிந்த மருந்து இருந்தால் எழுதுங்கள். ஆட்டுக்குத்தான்.

மதினி காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும்.
மாடம்மாள்


சாலை
28-5-1979

அன்புத் தங்கச்சிக்கு, நாங்கள் சுகம். உன் சுகம் கேட்டு மனசு நிறைந்தது.

ஆட்டுக் கழிச்சலுக்கு மாதுளம்பழத் தோலைக் காயவைத்து இடித்து, மோரில் கலந்து கொடு. ஓட்டலில் பால் கொண்டுவரும் கோனார் சொன்ன வைத்தியம். அவருடைய ஆடுகள் இதில் பிழைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பச்சைப் புல் வேண்டாம். மழையில் நனைய விடாதே. அதுக்கும் சரியாகவில்லை என்றால் வந்த விலைக்குக் கொடுத்துவிடு.

"ஆட்டுக்கு இவ்வளவு விசாரம், நாத்தனாருக்கு ஒரு வார்த்தை இல்ல" என்று மதினி பக்கத்தில் நின்று திட்டுகிறாள். அவள் உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு அனுப்புகிறாள். நல்ல காரமாகப் போட்டிருக்கிறாள்.

சொரிமுத்து


போனக்காடு
16-7-1979

அண்ணாச்சிக்குக் கும்பிடு. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆகாசத்திலிருந்து என்னமோ ஸ்கைலாப் விழப்போகிறது என்று இங்கே எல்லாரும் வெளியே போகப் பயந்து கிடந்தோம். கடைசியில் அது வேறெங்கேயோ விழுந்ததாம்.

நான் சுகம். ஆட்டுக்கு மாதுளந்தோல் கொடுத்தேன். ரெண்டு நாள் தேவலை. மறுபடியும் பழையபடிதான். இப்போது நாக்கெல்லாம் சிவந்து வெந்துபோய் இருக்கிறது. மதினி அனுப்பிய ஊறுகாயைத் தொட்டதும் வாய் எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரமே சேரவில்லை. ரசம்கூட இறங்கவில்லை, ஆட்டுக்கு.

வேலைக்கு நான் ஒழுங்காகப் போகிறேன். மேட்டில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. ஊறுகாய் நல்ல ருசி என்று மதினியிடம் சொல்லவும்.

மாடம்மாள்


சாலை
20-7-1979

மாடம்மாளுக்கு,

ஆட்டைப் பற்றி இனிமேல் கடிதத்தில் எழுத வேண்டாம். எனக்கு விளங்கியது.

உன் மதினிக்குத் திடீரென்று சுகமில்லை. சமைக்க ஆளில்லை. கணக்கப்பிள்ளையிடம் லீவு சொல்லிவிட்டு, இந்தக் கடுதாசி கிடைத்த மறுநாளே பஸ் ஏறு. தம்பானூரில் நான் நிற்பேன். ஆட்டைக் கொண்டுவர வேண்டாம்.

அண்ணன்


போனக்காடு
9-8-1979

மரியாதைக்குரிய சொரிமுத்து அண்ணாச்சி அவர்களுக்கு லிங்கம் வணக்கம். இத்தனை வருஷமாக உங்கள் தங்கச்சி வாயிலிருந்து வந்ததை மட்டுமே எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் நானாக எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகமா? உங்கள் வீட்டம்மாவுக்கு உடம்பு எப்படி? அவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறேன்.

நான் தினமும் ரெண்டு நேரம் அந்த லயத்து வழியாகத்தான் போகிறேன். நான் இங்கே வேலைக்கு வந்த காலத்திலிருந்து மாடம்மாள் அக்கா வீட்டு வாசலில் ஆட்டுப் புழுக்கை ஒன்று கிடந்து பார்த்ததில்லை. சொன்னதை எழுதுவதுதான் எனக்கு மரியாதை என்று எழுதினேன். எழுதிவிட்டு, அவர்களை மேட்டிலிருந்து எடுத்து நாற்றங்காலில் களை பிடுங்கப் போட்டேன். "என்னை ஏன் சின்னப் பிள்ளைகளோட போடுதீய?" என்று என்னோடு சண்டைக்கு வந்தார்கள்.

பேரை வெட்டவில்லை. நோய் லீவு என்று எழுதியிருக்கிறேன். ஆனால் திரும்பி வேலைக்கு எடுக்க, குணமாகிவிட்டது என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அது மேனேஜர் சொல், என் கையில் இல்லை. வீடும் அதோடு சேர்ந்ததுதான்.

எனக்குத் தெரியும் என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். வெட்கப்பட்டுச் சாவார்கள்.

லிங்கம்


சாலை
3-9-1979

அன்புள்ள லிங்கம் அவர்களுக்கு சொரிமுத்து வணக்கம். நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை டீச்சர் ரெண்டு தடவை வாசித்தார். ஒரு தடவை எனக்காக, ஒரு தடவை அவருக்காக.

அந்தக் கறுப்பாடு விற்றது சந்திரனில் ஆள் நடந்த வருஷம். அந்த ரூபாயில்தான் மாடம்மாள் என் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுத்தாள். இது தெரிந்தும் மாதுளந்தோல் சொன்னேன் பாருங்கள். வேறு கறுப்பாடு வாங்கியிருப்பாள் என்று நினைத்துவிட்டேன். ஊறுகாய் எரிகிறது என்று வந்த பிறகுதான் மண்டையில் ஏறியது. எங்கள் அம்மாவும் இப்படித்தான் போனாள், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான சமயம். நாக்கு வெந்து, கையில் கிடந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கும். "சுகம்தான், சுகம்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் விஜயலக்ஷ்மி என்று ஒரு டாக்டரம்மாவிடம் மாடம்மாளைக் காட்டினேன். நாகர்கோவில் வடசேரிப் பக்கத்து ஆட்கள், ஆனால் பிறந்து படித்ததெல்லாம் இங்கே. பாதி மலையாளத்தில்தான் தமிழ் பேசுவார். பேரீச்சங்கொட்டை அளவு ஒரு இரும்புக் குப்பி, அதில் நீளமாக ஒரு மெல்லிய குழாய். அதை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். குடலுக்குள் போனதும் வெளியே இருந்து காற்றை உறிஞ்சினால் உள்ளே ஒரு சின்னக் கத்தி அரிசிமணி அளவு தசையை வெட்டி எடுத்துக்கொள்ளும். பிறகு குழாயோடு வெளியே இழுத்துவிடுவார்கள். "பேடிக்கண்டா அம்மா, இது திரிச்சு வரும்" என்றார் டாக்டரம்மா, பயப்படாதே, திரும்பி வந்துவிடும் என்று. "வராட்டி?" என்றாள் இவள். "வராட்டி எனக்கு வேலை போகும்." "அப்ப உங்களுக்கும் லயத்து வீடுதானா?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறந்தாள்.

குடலின் உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி நார் நாராக நிற்க வேண்டுமாம். இவளுக்குப் பழந்துண்டு மாதிரி தேய்ந்து கிடக்கிறதாம். அதனால்தான் தின்னது ஒட்டவில்லை. நார்களுக்கு நடுவில் சின்னக் குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில செல்கள் சிவப்புக் குருணையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கண்டுபிடித்தவர் பேரில் அவற்றுக்குப் பானெத் செல்கள் என்று பெயர். நம் கண்ணீரில் கிருமியைக் கரைக்கிற ஒரு சரக்கு இருக்கிறதாம், அதே சரக்கு இந்தக் குருணையிலும் இருக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்களாம். குழிக்குக் காவல் அவைதான் என்று டாக்டரம்மா நினைக்கிறார். "அப்ப வயித்துக்குள்ளயும் நாம அழுதுக்கிட்டுத்தான் இருக்கோமா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

இவளுக்குக் காவல் ரொம்பக் குறைந்திருக்கிறது. காவல் குறைந்து நோய் வந்ததா, நோய் வந்து காவல் குறைந்ததா என்று கேட்டேன். "அது யாருக்கும் இதுவரை அறியாது மாஸ்டரே, அதுதான் என்னுடைய ஆராய்ச்சி" என்றார். நோய்க்கு மருந்து இருக்கிறது. மஞ்சள் மாத்திரை, சிவப்பு ஊசி, கிருமிக்கு ஒரு குளிகை. மாசக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். தைப் பொங்கல் கழிந்து மறுபடி குப்பி விழுங்க வேண்டும். சரியாக இருந்தால் சர்டிபிகேட்.

அடுத்த வாரம் மாடம்மாள் அங்கே வருவாள், வேலைக்கு அல்ல, வீட்டில் இருந்து மருந்து சாப்பிட. உங்களுக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எப்போதும்போல எழுதிக்கொடுங்கள்.

நன்றியுடன்
சொரிமுத்து


போனக்காடு
4-2-1980

அண்ணாச்சிக்கும் மதினிக்கும் மாடம்மாள் கும்பிடு. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் விதுரை வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தேன், கால் தளரவில்லை.

குப்பி இந்தத் தடவை சுலபமாக இறங்கியது. டாக்டரம்மா என்ன சொன்னார்? இங்கே ஒரு குடும்பத்துக்கு வீடு வேண்டுமாம். வந்து என் வாசலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷர்கள்தான், அடுப்பு புகைகிறதா என்றுகூடக் கேட்டார்கள். மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம் என்று மேனேஜர் சொன்னதாக இதை எழுதுகிறவர் சொல்கிறார்.

ராத்திரி எழுந்திருப்பது நின்று கொஞ்ச காலமாகிறது. வாய்ப்புண் ஆறிவிட்டது. இதையெல்லாம் இப்போது வாய்விட்டே சொல்கிறேன். கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறார்.

உடனே பதில் போடவும்.
மாடம்மாள்


சாலை
13-2-1980

அன்புத் தங்கச்சிக்கு, நாங்கள் இருவரும் சுகம். நீ நின்றுகொண்டே பயணம் போனதை மதினி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா லீவில் இருக்கிறார். பெரிய சூரிய கிரகணம் வருகிறது அல்லவா, அது கழிந்துதான் சர்டிபிகேட் எழுதுவார்களாம். ஆஸ்பத்திரியிலும் இப்போது இதெல்லாம் பார்க்கிறார்கள். நீ கிரகணத்தன்று வெளியே நிற்காதே. மாத்திரையை நிறுத்தாதே.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. பலாவில் பிஞ்சு வைத்திருக்கிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

சொரிமுத்து


போனக்காடு
19-2-1980

அண்ணாச்சிக்குக் கும்பிடு. நீங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும்.

கிரகணம் கழிந்தாச்சு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் வீட்டிலும் கறுப்பாடு வாங்கியாச்சா?

இதைச் சொன்னதும் கணக்கப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அவருக்கு முதலிலேயே தெரியுமாம். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இனி எனக்கு யாரிடமும் வெட்கமில்லை. கெட்டது என்றாலும் சொல்லிவிடுங்கள்.

மாடம்மாள்


சாலை
27-2-1980

என் தங்கச்சி மாடம்மாளுக்கு அண்ணன் சொரிமுத்து. நாங்கள் சுகம். ஆடும் சுகம். நேற்றைக்குத்தான் அவிழ்த்துவிட்டேன். சொல்கிறேன் கேள்.

டாக்டரம்மா லீவில் போகவில்லை. கிரகணமும் அவர் பார்க்கவில்லை. உன் குடல் சோதனை முடிவு வந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நாரெல்லாம் நல்லா எழும்பியிருக்கு மாஸ்டரே, பக்ஷே குழிக்குள்ள காவல் ஒண்ணுகூடக் காணோம். முந்தி குறைவா இருந்தது, இப்ப ஒண்ணுமே இல்ல. உடம்பு தேறி வரும்போது இப்படி ஆகக்கூடாதே" என்றார். சர்டிபிகேட் எழுதப் பேனாவை எடுத்தவர் மூடி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து மதினியிடம்கூடச் சொல்லவில்லை. கிரகணம் என்று உனக்கு எழுதச் சொன்னபோது டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு எழுதினார். எழுதித் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே ஜாதிதான்.

நேற்றைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார் டாக்டரம்மா. போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே நின்றார். உன் குடல் துண்டை ரெண்டாக வெட்டி ரெண்டு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருந்தாராம். ஒன்றில் பார்மலின், ஒன்றில் புளிப்புத் திராவகம் கலந்த வேறு மருந்து. அந்தத் திராவகம் பட்டால் சிவப்புக் குருணை கரைந்துபோகும். அது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். மேலே ஒட்டியிருந்த சீட்டு ரெண்டும் ஈரத்தில் உதிர்ந்து, எடுத்து ஒட்டும்போது மாறிவிட்டது. கரைந்துபோனதைப் பார்த்துத்தான் காவலைக் காணோம் என்றிருக்கிறார். மனசு கேட்காமல் மற்ற துண்டையும் சாயமேற்றிப் பார்த்திருக்கிறார்.

என்னையும் பார்க்கச் சொன்னார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப் குழாய்க்குள் பார்த்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் தெரிந்தது, மாடம்மா. குழிக்கு அடியில் கேசரிப் பொடி தூவின மாதிரி சிவப்பு. பக்கத்துக் குழியிலும் இருந்தது. அதற்கடுத்த குழியிலும் இருந்தது. நம் வயிற்றுக்குள் இப்படி ஒரு கூட்டம் ராப்பகலாக உட்கார்ந்திருப்பது தெரியாமலே நான் இத்தனை வருஷம் ஊருக்குப் பலகாரம் போட்டிருக்கிறேன். "இது எல்லாம் அவளோடதா?" என்று கேட்டேன். "பின்னே என்னோடதா?" என்றார்.

சர்டிபிகேட் இந்தக் கவரிலேயே இருக்கிறது, மாசக் கடைசிக்குள் கிடைக்கட்டும் என்று பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். லிங்கம் அவர்களிடம் கொடு. நாற்றங்கால் வேலையே போதும் என்று அதில் எழுதியிருக்கிறதாம். மறுபடி அவரிடம் சண்டைக்குப் போகாதே. வீடு கேட்டு வந்தவர்களிடம் அடுப்பு நன்றாகப் புகைகிறது என்று சொல்லிவிடு.

பழைய அளவில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். போன வருஷப் பொங்கலுக்குத் தைத்த அளவு தையல்காரருக்கு மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. சனிக்கிழமை வந்து போட்டுப் பார்த்துக்கொள். மதினி ரசம் வைக்கிறேன் என்கிறாள், மிளகு தூக்கலாக.

இன்னும் ஒன்று டீச்சரிடம் எழுதச் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது, அதனால் வருஷங்களை ஆட்களை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அம்மா வயிற்றில் நாம் ஐந்து பேர். கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் என்றால் எனக்கு இசக்கி போன வருஷம். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது பேச்சி போன வருஷம். கன்னியாகுமரிப் பாறையில் மண்டபம் திறந்தது பெரியண்ணன் சுடலையாண்டி போன வருஷம். நாகர்கோவிலுக்கு ரயில் விட்ட வருஷத்துக்கும் ஒரு பேர் வந்துவிடுமோ என்று போன ஆடியிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். நேற்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தம்பானூர் வழியாக நடந்து வந்தேன். நாகர்கோவில் வண்டி கூவிக்கொண்டு புறப்பட்டது. நின்று பார்த்தேன். வெறும் ரயில்தான். ஆட்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு போனார்கள்.

அம்மா கையால் சோறு தின்றவர்களில் என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பது நீதான், மாடம்மா.